கடினமான நாவல்கள்: எந்த வழியாக உள்ளே போவது, எப்போது விட்டுவிடுவது

கொஞ்சம் தீவிரமாக வாசிக்கத் தொடங்கிய எவரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸிஸ்', தாமஸ் பிஞ்சனின் 'கிராவிட்டீஸ் ரெயின்போ' மாதிரி, படிக்கவே முடியாது என்று பெயர் வாங்கிய நாவல்களுக்கு நேரம் ஒதுக்கலாமா? கேட்டால் கிடைக்கும் பதில்கள் இரண்டு ரகம். "இதைப் படிக்காதவர் வாசகரே இல்லை" என்பார் ஒருவர். "எல்லாம் வெறும் பம்மாத்து, யாருமே முழுசாகப் படித்ததில்லை" என்பார் இன்னொருவர். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

எழுத்தாளர்களும் இதில் ஒத்துப்போவதில்லை. ஜோனதன் ஃப்ரான்ஸன் 2002இல் எழுதிய கட்டுரையில், நாவலை வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமாகப் பார்ப்பவர்கள் ஒருபுறம், வாசகரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத உயர்கலையாகப் பார்ப்பவர்கள் மறுபுறம் என்று பிரித்து, தான் ஒப்பந்தத்தின் பக்கம் என்றார். பென் மார்கஸ் 2005இல் அதற்கு நீண்ட மறுப்பு எழுதினார். பரிசு கொடுப்பவர்கள் நிலைமையும் இதுதான். 1974இல் புலிட்சர் நடுவர்கள் மூவரும் ஒருமனதாகப் பிஞ்சனின் நாவலைப் பரிந்துரைத்தார்கள். வாரியம் ஏற்க மறுத்தது, அந்த ஆண்டு புனைகதைக்குப் பரிசே இல்லாமல் போனது. அதே ஆண்டு அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது அந்த நாவலுக்கு, இன்னொரு நூலோடு பகிர்ந்து, கொடுக்கப்பட்டது.

இந்த நாவல்களில் சில, வேறு எந்த எழுத்திலும் கிடைக்காத ஒன்றைத் தருகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் தவறான வழியில் உள்ளே போனவர்களுக்கு அது கையில் வந்து சேர்வதே இல்லை. அதனால் "படிக்கலாமா வேண்டாமா" என்பதைவிட, இருக்கிற வழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன்படும்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வகைக் கடினம் என்பது. விமர்சகர் ஜார்ஜ் ஸ்டைனர் 1978இல் வெளிவந்த தன் கட்டுரைத் தொகுப்பில் இதை நான்காகப் பிரித்தார். நமக்கு இரண்டு போதும். நமக்குத் தெரியாததால் வரும் கடினம் ஒன்று: பழைய அரசியல், லத்தீன் மேற்கோள், ஒரு நகரத்தின் தெருப் பெயர்கள். தேடிப் பார்த்தால் தீர்ந்துவிடும். ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த கடினம் இன்னொன்று. எத்தனை அகராதி வைத்திருந்தாலும் இது தீராது.

இரண்டாவது வகைக்கு வில்லியம் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி' (1929) நாவலின் முதல் பக்கத்தைப் பாருங்கள். சொல்பவன் பெஞ்சி. வயது 33, மனம் சிறு குழந்தையுடையது, பேச்சு வராது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் சிலர் அடிப்பதைப் பார்க்கிறான். எதை அடிக்கிறார்கள் என்று சொல்வதில்லை. கொடியை எடுக்கிறார்கள், அடிக்கிறார்கள், திரும்பக் கொடியை வைக்கிறார்கள், நகர்ந்து போகிறார்கள். கோல்ஃப் என்ற சொல் அவனிடம் இல்லை, அதனால் நாவலின் அந்தப் பக்கத்திலும் இல்லை. ஆட்டக்காரர் ஒருவர், மட்டைப் பை சுமக்கும் பையனைக் "கேடி" என்று கூப்பிடுகிறார். பெஞ்சி அழத் தொடங்குகிறான். அவனிடம் மிகவும் அன்பாக இருந்த அக்கா கேண்டஸை வீட்டில் கூப்பிட்டதும் இதே ஒலியில்தான். அவள் வீட்டை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மைதானம் ஒருகாலத்தில் அவர்களுடைய மேய்ச்சல் நிலம். அவள் கல்யாணத்துக்கும் அண்ணனின் படிப்புக்குமாக விற்றுவிட்டார்கள். இவ்வளவும் அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஆசிரியர் ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தால் எல்லாம் உடனே புரிந்திருக்கும். பெஞ்சியின் துக்கம் மட்டும் நம்மைத் தொடாமல் வெளியே நின்றிருக்கும்.

இதுதான் என் முதல் உரைகல். புரியாத ஒரு பக்கத்தை இரண்டாவது தடவை படித்தால், முதலில் தெரியாத ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அந்தக் கடினத்துக்கு வேலை இருக்கிறது. மூன்று நான்கு இடங்களில் சோதித்தும் ஒன்றும் திறக்காவிட்டால், அந்தப் புத்தகம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை.

அடுத்தது நேரம். 'யுலிஸிஸ்' சுமார் 2,65,000 சொற்கள். நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் 22 மணி நேரம். அந்த வேகத்தில் யாரும் அதைப் படிக்க முடியாது. பாதி வேகம் என்றால் 44 மணி நேரம். அதே நேரத்தில் 80,000 சொல் அளவுள்ள சாதாரண நாவல்கள் ஆறேழு முடித்துவிடலாம். அவற்றை விட்டுக்கொடுக்கிறோம் என்ற நினைப்போடுதான் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது மொழி. ஆங்கிலத்தில் படிக்கும் நம்மில் பலருக்கு ஒரு குழப்பம் வரும்: இந்த வாக்கியம் எல்லோருக்கும் கடினமா, என் ஆங்கிலம் போதவில்லையா? இது தெரியாமல் ஒரு பரிசோதனை நாவலை எடைபோட முடியாது. கடைசியாக ஒன்று, முதல் வாசிப்பு ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும். அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில் வழிக்கு வழி பெரிய வித்தியாசம் உண்டு.

வழி ஒன்று: பெரிய நூலில் நேராக இறங்குவது

துணை இல்லை, முன்தயாரிப்பு இல்லை. எடுத்தோம், படித்தோம். இதில் கிடைக்கும் அதிர்ச்சி வேறு எந்த வழியிலும் கிடைக்காது. முதல் வாசிப்பு முழுக்க முழுக்க உங்களுடையது.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பலர் நின்றுபோவது தவறான இடத்தில். 'யுலிஸிஸ்' 18 அத்தியாயங்கள். கதை நடப்பது 1904 ஜூன் 16 என்ற ஒரே நாளில், டப்ளின் நகரத்தில். முதல் மூன்று அத்தியாயங்கள் ஸ்டீபன் என்ற இளைஞனைப் பற்றியவை. மூன்றாவதில் அவன் கடற்கரையில் தனியாக நடக்கிறான், மண்டைக்குள் தத்துவமும் இறையியலும் ஓடுகின்றன. பாதிப் பேருக்கு மேல் இங்கேதான் மூடிவைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தைப் புரட்டினால் நான்காவது அத்தியாயத்தில் லியோபோல்ட் புளூம் என்ற நடுவயதுக்காரர் சமையலறையில் மனைவிக்குக் காலை உணவு தயார் செய்துகொண்டிருக்கிறார். பூனை காலைச் சுற்றி வருகிறது. அது கத்துவதை ஜாய்ஸ் மூன்று தடவை எழுதுகிறார், மூன்றும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து கூடுகிறது, பசியும் கூடுகிறது. புளூம் அதனோடு பேசுகிறார். இந்தப் பூனைக்குத் தான் எவ்வளவு உயரமாகத் தெரிவேன் என்று யோசிக்கிறார். இவ்வளவு நெருக்கமாக ஒரு மனிதரைக் கவனித்த எழுத்து அபூர்வம். அதற்கு நாலைந்து பக்கம் முன்னால் நின்றுவிட்டு "ஜாய்ஸ் வறட்டு ஆள்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. மூன்றாவது அத்தியாயத்தில் சிக்கியவர்கள் அதை அப்படியே தாண்டி நான்காவதைப் படித்துப் பாருங்கள். பிறகு முடிவு செய்யலாம்.

புரியாத பத்தி வந்தால் நின்று போராடாமல் நகர்ந்துபோகத் தெரிந்தவர்களுக்கு இந்த வழி பொருந்தும். ஒவ்வொரு வரியும் புரிந்தால்தான் அடுத்த வரி என்ற பழக்கம் உள்ளவர்களுக்கு இது தண்டனை. அவர்கள் தயவுசெய்து மூன்றாவது வழிக்குப் போகலாம்.

வழி இரண்டு: துணைநூலோடு படிப்பது

பயமில்லாத வழி. 'யுலிஸிஸ்' பற்றி ஜாய்ஸின் நண்பர் ஸ்டூவர்ட் கில்பர்ட் 1930லேயே, ஜாய்ஸே கொடுத்த வரைபடத்தை வைத்து, விளக்க நூல் எழுதிவிட்டார். டான் கிஃபர்டின் வரிக்குவரிக் குறிப்புகள் மட்டும் அறுநூறு பக்கத்துக்கு மேல். தேடினால் தீரும் வகைக் கடினத்துக்கு இவை நல்ல மருந்து.

செலவு இரண்டு. ஒன்று, நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. இன்னொன்று பெரியது: புத்தகம் விடுகதையாகிவிடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் விடை இருக்கிறது, நாம் சரிபார்க்கிறோம். புளூமின் செத்துப்போன பையனைப் பற்றிய வரி வரும்போதுகூட மனம் குறிப்பு எண்ணைத் தேடுகிறது. ஃபாக்னரே தன் நாவலுக்குப் பின்னாளில் ஓர் இணைப்பு எழுதினார். குடும்ப வரலாறு முழுக்க அதில் தெளிவாக இருக்கிறது. அது 1946இல் வெளியானது, சில பதிப்புகளில் நாவலுக்கு முன்னாலேயே அச்சானது. அதை முதலில் படித்துவிட்டுப் பெஞ்சியிடம் போனால், வேலிக்கு அந்தப் பக்கம் நடப்பது என்ன என்று முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். தெரிந்திருப்பதுதான் இங்கே நஷ்டம்.

துணைநூலை ஒதுக்கச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். ஓர் அத்தியாயத்தை முதலில் தனியாகப் படியுங்கள். அப்புறம் விளக்கத்தைப் பாருங்கள். மனம் இருந்தால் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள். பாடமாகப் படிப்பவர்களுக்கும், அதைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கும், இரண்டாவது தடவை படிப்பவர்களுக்கும் துணைநூல் கட்டாயம் வேண்டும்.

வழி மூன்று: சின்னதில் தொடங்குவது

என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். பரிசோதனை நாவல் என்றாலே ஆயிரம் பக்கம் என்று ஒரு பிம்பம் இருக்கிறது. ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ' (1955) நூற்றுச் சொச்சம் பக்கம்தான். செத்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, முகம் தெரியாத அப்பாவைத் தேடி ஒருவன் கோமாலா என்ற ஊருக்குப் போகிறான். ஊரில் குரல்கள் மட்டும் இருக்கின்றன. யார் பேசுகிறார்கள், எந்தக் காலத்திலிருந்து பேசுகிறார்கள், அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது. மெல்ல மெல்லத்தான் தெரிகிறது. தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பாமல் இருக்க முடியாது. காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் இந்த நாவலை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குப் படித்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

வர்ஜீனியா வுல்ஃபின் 'டு தி லைட்ஹவுஸ்' (1927) இன்னொன்று. நாவலின் முதல் பகுதி முழுக்க யாரைச் சுற்றி நகர்கிறதோ, அந்தத் திருமதி ராம்ஸேயின் சாவு நடுப்பகுதியில் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் வந்து போகிறது. கணவர் இருட்டில் கைகளை நீட்டுகிறார், கைகள் வெறுமையாகவே இருக்கின்றன, அவ்வளவுதான். மற்றப் பக்கங்களில் காலி வீடும் தூசியும் காற்றும். ஒரு முக்கியப் பாத்திரத்தின் சாவை இப்படிப் போகிறபோக்கில் வைக்கலாமா என்று முதலில் கோபம் வரும். கடைசிப் பகுதியில் மற்றவர்கள் அவளில்லாமல் அதே வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அந்த அடைப்புக்குறி எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரிகிறது.

இதிலும் செலவு உண்டு. சின்ன நூல் என்றால் சுலபம் என்று எண்ணி ரயில் பயணத்தில் முடித்துவிடலாம் என்று எடுப்பார்கள், ஒன்றும் ஒட்டாது. இவற்றுக்கு அடுத்தடுத்து இரண்டு வாசிப்பு ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கினாலும் 'யுலிஸிஸ்' கேட்கும் நேரத்தைவிடக் குறைவாகவே ஆகும். இந்த வகை எழுத்து உங்களுக்கு ஒத்துவருமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

வழி நான்கு: தமிழ்ப் பரிசோதனை நாவல்களில் தொடங்குவது

மொழிக் குழப்பத்தை முழுசாக நீக்கும் வழி இது ஒன்றுதான். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கைக் குறிப்பு போலத் தொடங்குகிறது. ஜோசஃப் ஜேம்ஸ், 1960 ஜனவரி 5ஆம் தேதி, ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் இறந்தான் என்று முதல் வாக்கியமே அறிவிக்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு இறந்த தேதி நிஜம், ஜே.ஜே. என்று யாரும் இருந்ததில்லை. கதை என்று வழக்கமாகச் சொல்லும் எதுவும் இல்லை. பாலு என்ற தமிழ் எழுத்தாளனின் தேடலும், பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பும்தான். ஆனால் மொழி தெளிவு. வடிவம் புதிதாகவும் வாக்கியம் பழகியதாகவும் இருப்பதால், தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியாது.

அதைவிடக் கொஞ்சம் கடினமாக வேண்டுமென்றால் நகுலனின் 'நினைவுப்பாதை' (1972). சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி' (1998) எண்களில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, சில இடங்களில் நிறுத்தற்குறிகளையே விட்டுவிட்டு எழுதப்பட்டது. கோணங்கியின் 'பாழி' (2000), 'பிதிரா' (2004) இரண்டும் மொழியையே உருக்கி வேறொன்றாக ஆக்குபவை. தாய்மொழியில் படித்தும் வாக்கியத்துக்கு வாக்கியம் திணறுவோம். அதுவே ஒரு பாடம். இங்கே "என் மொழியறிவு போதவில்லை" என்ற சாக்கு கிடையாது. பிடித்திருக்கிறதா இல்லையா என்று நம் காதே சொல்லிவிடும். ஒரு வாக்கியம் ஆழமாக இருக்கிறதா, ஆழமாக இருப்பதுபோலப் பாவனை செய்கிறதா என்பதை நாம் தாய்மொழியில் கண்டுபிடிக்கும் அளவுக்கு வேறு மொழியில் கண்டுபிடிக்க முடியாது.

செலவு: இவற்றுக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் துணைநூல்கள் குறைவு. விமர்சனங்கள் சிற்றிதழ்களில் சிதறிக் கிடக்கின்றன. தடுக்கி விழுந்தால் தானாகவே எழுந்துகொள்ள வேண்டும்.

வழி ஐந்து: கூட்டாகப் படிப்பது, அல்லது கேட்பது

மிகப் பெரிய நூல்களுக்கு இதுதான் தாங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், வெனிஸ் என்ற இடத்தில், ஜாய்ஸின் 'ஃபினிகன்ஸ் வேக்' (1939) நாவலைப் படிக்க 1995இல் ஒரு குழு கூடியது. மாதம் ஒருமுறை, ஒன்றிரண்டு பக்கம். 2023இல் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். 28 வருடம். அந்த நாவல் பாதி வாக்கியத்தில் முடிந்து, அதே வாக்கியத்தின் மீதிப் பாதியில் தொடங்குவது. அவர்களும் முடித்ததும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

குழுவில் ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவருக்குத் தெரிகிறது. துணைநூல் தரும் உதவி பேச்சாகக் கிடைக்கிறது, அதனால் புத்தகம் விடுகதையாவதில்லை. உரக்கப் படிக்கும்போது பல இடங்கள் தானாகவே திறக்கின்றன. அயர்லாந்து வானொலி 1982 ஜூன் 16 அன்று 'யுலிஸிஸ்' முழுவதையும் நடிகர்களை வைத்து இடைவெளி இல்லாமல் ஒலிபரப்பியது. கிட்டத்தட்ட 30 மணி நேரம். கண்ணுக்குச் சிக்கலாகத் தெரிந்த, கடைசி அத்தியாயத்தின் நிறுத்தற்குறி இல்லாத பக்கங்கள் காதில் ஒரு மனுஷியின் பேச்சாக விழுகின்றன.

குறை, வேகம் உங்கள் கையில் இல்லை. வாராவாரம் வருவதாகச் சொன்ன பத்துப் பேர் மூன்றாகக் குறைவதும் வழக்கம். தனிமையில்தான் படிக்க முடியும் என்பவர்களுக்கு இது சரிவராது.

வழி ஆறு: படிக்காமல் விடுவது

இதையும் ஒரு நேர்மையான வழியாகவே வைக்கிறேன். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பெனாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். முதல் உரிமையே படிக்காமலிருக்கும் உரிமை. பரிசோதனை நாவலாசிரியர்களிலேயே ஒருவர் வாசகருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஹூலியோ கொர்த்தஸாரின் 'ரயுவேலா' (1963) 155 அத்தியாயங்கள். 56 அத்தியாயம் வரை நேராகப் படித்துவிட்டு மீதி 99ஐ மன உறுத்தல் இல்லாமல் விட்டுவிடலாம், அல்லது 73ஆவது அத்தியாயத்தில் தொடங்கி அவர் கொடுத்த வரிசையில் தாவித் தாவிப் படிக்கலாம் என்று முன்பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்.

வேலை, குடும்பம், நோய் என்று மனம் சிதறிக்கிடக்கும் காலத்தில் இந்த நாவல்களை எடுக்காதீர்கள். "படித்தேன்" என்று சொல்வதற்காக மட்டும் எடுக்கிறீர்கள் என்று தோன்றினாலும் வேண்டாம். 44 மணி நேரம் அதற்கு ரொம்ப அதிகம். இந்த வழியிலும் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. ஒரு புத்தகத்தை விட்டவர்கள் பல நேரம் அந்த வகையையே விட்டுவிடுகிறார்கள். ஜாய்ஸ் ஒத்துவராதவருக்கு ருல்ஃபோ உயிராக இருக்கலாம்.

நான் சொல்லும் வரிசை

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் 'ஜே.ஜே: சில குறிப்புகள்', அடுத்து 'பெத்ரோ பராமோ'. இந்த இரண்டிலும் மனம் ஒட்டவில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துபோகாது. ஒட்டியதென்றால் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி', பின்னிணைப்பைத் தொடாமல். அதற்குப் பிறகு 'யுலிஸிஸ்': முதல் தடவை துணை இல்லாமல், புரியாததைத் தாண்டித் தாண்டி, ஒரு வருடம் கழித்து விளக்க நூலோடு மறுபடியும். பிஞ்சனை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

'ஃபினிகன்ஸ் வேக்' மட்டும் தனி. அதை எடுத்துப் படிக்கத் தொடங்க வேண்டாம். அதன் 'அன்னா லிவியா' பகுதியிலிருந்து சில பக்கங்களை ஜாய்ஸே 1929இல் தன் குரலில் பதிவு செய்திருக்கிறார். சுமார் எட்டு நிமிடம். இருட்டும் நேரத்தில் ஆற்றங்கரையில் துணி துவைக்கும் இரண்டு பெண்கள் ஊர் வம்பு பேசுகிறார்கள். அந்தப் பதிவைக் கேளுங்கள். இன்னொரு தடவை கேட்கத் தோன்றினால் அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அவர் குரலோடு சேர்ந்து உரக்கப் படித்துப் பாருங்கள்.